ஒன்றரைக் கையும் ஒரு விறகு மிஷினும்

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இன்ஜின் என் பக்கம் துள்ளி வந்தது. நான் தடுமாறிப் பக்கவாட்டில் விழுந்தேன்.

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்வாசல். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. கன்னத்தில் மரத்தூள் ஒட்டிக்கொண்டது. பெட்ரோல் வாடையும் பச்சைப் புளியங்கட்டையின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. மதிலுக்கு மேலே மூன்று தலைகள் தெரிந்தன. புதிதாக விறகு பிளக்கும் மிஷின் வந்திருக்கிறது என்று பார்க்க வந்த அக்கம்பக்கத்தார்.

என் கணவரின் அண்ணன் அன்வர் அங்கேதான் நின்றிருந்தார். விழுந்தது நான். அவர் பேசியது என் கணவரிடம்.

"கமாலு, கையில்லாத புள்ளைக்கு எதுக்குடா இந்த மிஷினு? வந்த வண்டி இன்னும் தெருவுலதான் நிக்கிது. திருப்பி ஏத்தி விட்டுரு."

கமால் என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினார். நான் அதைப் பிடிக்கவில்லை.

"எந்திரிக்க எனக்குத் தெரியும். வண்டிக்காரரைப் போகச் சொல்லுங்க" என்றேன்.

எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, மறுபடியும் கயிற்றை இழுத்தேன். மறுபடியும் இன்ஜின்தான் நகர்ந்தது. ஆனால் இந்தத் தடவை நான் விழவில்லை. அன்றைய முன்னேற்றம் அவ்வளவுதான்.

கையைப் பற்றி

இத்தனை வாரமாக இந்தத் தொடரை எழுதுகிறீர்களே, உங்கள் கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கோம்பையில் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, வளர்த்த நாயைப் பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதினேன். மாமியார் வீட்டு மீன் குழம்பைப் பற்றி இரண்டு வாரம் எழுதினேன். கையை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

கல்யாணமாகி ஆறேழு வருஷம் இருக்கும். அப்போது வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. சோளத்தட்டை வெட்ட மோட்டாரில் ஓடும் ஒரு மிஷின் வாங்கிப் போட்டிருந்தார்கள். தட்டையை உள்ளே தள்ளுகிற வாயில் ஒரு தகர மூடி உண்டு. அது இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ள முடியும். விரல் உருளை வரைக்கும் போகாது.

ஒரு நாள் காலையில் அந்தத் தகரம் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. தினமும் தள்ளுகிற பழக்கத்தில் தள்ளினேன். தட்டையோடு சேர்ந்து இடது கை உள்ளே போனது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை அளவு மிச்சம் இருந்தது. அதற்கு மேல் அன்றைய நாளைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தகரத்தைக் கழற்றியது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது. மிச்சமிருந்த கையை நான் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளப் பழகினேன். அதைப் பார்க்காமல் பேசப் பழகினார்கள் மற்றவர்கள்.

விறகு என் பொறுப்பு

கமால் பண்டாரி. கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை அவருடைய பிரியாணி அண்டா, எங்கள் பேச்சில் தேக்சா, ஏறாத கல்யாண மண்டபம் குறைவு.

கேஸ் அடுப்பு வந்தது, பெரிய பர்னர் வந்தது. ஆனாலும் தம் போடும்போது மூடிமேல் நெருப்புக் கங்கு வேண்டும். அந்தக் கங்குக்குப் புளியங்கட்டைதான் நிற்கும். மற்ற மரம் சீக்கிரம் சாம்பலாகிவிடும். புளியங்கட்டையோ அரிசி வேகிற நேரம் வரைக்கும் சூட்டைப் பிடித்து வைக்கும்.

ஆனால் அந்த மரத்தைப் பிளப்பது லேசு இல்லை. நார் முறுக்கிக்கொண்டு போகும். முடிச்சு விழுந்த இடத்தில் கோடாலி போய்ச் சிக்கினால், அதை எடுக்கவே இன்னொரு ஆள் வேண்டும்.

முன்பெல்லாம் கமாலே பிளப்பார். கூட இரண்டு பேர் வருவார்கள். அந்த இரண்டு பேரும் ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறிப் போய்விட்டார்கள். அடுத்த வருஷம், நிரம்பிய தேக்சாவை இறக்கும்போது கமாலின் வலது தோளில் ஏதோ அறுந்த மாதிரி சத்தம் கேட்டது. இனி கையைத் தலைக்கு மேல் தூக்கி எந்த வேலையும் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கோடாலி என்றால் தலைக்கு மேல் தூக்கித்தானே ஆக வேண்டும்.

கடையில் பிளந்த விறகு வாங்கிப் பார்த்தோம். புளி என்று சொல்லி வேலிக்கருவேலையைக் கலந்து கொடுத்தார்கள். ஒரு கல்யாணத்தில் தம் சரியாக ஏறாமல் மேல் அரிசி நறுக்கென்று நின்றது. அன்றைக்குக் கமால் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

"விறகை இனிமே நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"எப்படி நூரு?" என்றார். என் பெயர் நூர்ஜகான். சுருக்கி நூரு.

"அது எனக்கே தெரியலை. பாத்துக்கிறேன்னு மட்டும் தெரியும்."

தாமஸ் சேட்டன் சொன்னது

குமுளிக்கு மேலே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களில் விறகு பிளக்க மிஷின் வைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதில் ஒரு ஸ்டோர்க்காரர் தாமஸ் சேட்டன். கரண்ட் டிரையருக்கு மாறிவிட்டதால் பழைய மிஷினைக் கொடுக்கப் போவதாகச் சொல்லியனுப்பினார். நானும் கமாலும் பஸ் ஏறிப் போனோம்.

நீளமான இரும்பு உத்திரம். ஒரு முனையில் கனமான ஆப்பு. மறுமுனையிலிருந்து ஒரு தண்டு கட்டையைத் தள்ளிக்கொண்டு போய் அந்த ஆப்பில் அழுத்தும். தண்டைத் தள்ளுவது எண்ணெய். எண்ணெயைத் தள்ளுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்ரோல் இன்ஜின்.

சேட்டன் ஓட்டிக் காட்டினார். ஒரு பெரிய கட்டை முனகிக்கொண்டே இரண்டாகப் பிரிந்து விழுந்தது. கோடாலி இல்லை, தலைக்கு மேல் தூக்குவது இல்லை. 

பிறகு அவர் என் முந்தானையைப் பார்த்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சேச்சி, ஒண்ணு சொல்றேன். இதுல லீவர் ரெண்டு. ரெண்டையும் ஒண்ணாப் பிடிச்சாத்தான் தண்டு நகரும். ஒண்ணை விட்டாலும் நின்னு போகும். ஒரு கை கொண்டு இது ஓடத்தில்ல கேட்டோ."

"எதுக்கு அப்படி வச்சிருக்காக?" என்று கேட்டேன்.

"ரெண்டு கையும் லீவர்ல இருந்தா, ஆப்புக்கு முன்னால வைக்கக் கை மிச்சம் இருக்காதில்லே."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.  யாரோ ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவருடைய கை போய்விடக் கூடாதே என்று யோசித்து இந்த இரண்டாவது லீவரை வைத்திருக்கிறார். இருபது வருஷம் முன்னால் என் மிஷினுக்கும் ஒருவர் அப்படி யோசித்துத்தான் தகரம் வைத்தார்.

"ரெண்டு கை எனக்கு இல்லை. ஒன்றரை இருக்கு. அது போதும்" என்றேன்.

சேட்டன் சிரிக்கவில்லை. கமாலைப் பார்த்தார். கமால் என்னைப் பார்த்தார். மிஷின் அந்த வாரமே மலையிறங்கியது.

சைக்கிள் டியூப்

முதல் நாள் நான் விழுந்த கதையைச் சொல்லிவிட்டேன். மறுநாள் பெருமாளை வரச் சொன்னோம். கம்பம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறார். மருந்தடிக்கிற இன்ஜின், உழவு மிஷின் எல்லாம் பார்ப்பார். வேலையில் கெட்டி. பேச்சில் சிடுசிடுப்பு.

மிஷினைச் சுற்றி இரண்டு சுற்று வந்தார். கேள்வி எதுவும் கேட்காமலே தன் பைக்கிலிருந்து ஒரு பழைய சைக்கிள் டியூப்பை எடுத்தார். இடது லீவரை அழுத்தி, டியூப்பால் இறுக்கிக் கட்டினார்.

"முடிஞ்சதுக்கா. இனி ஒரு கை போதும். எல்லாப் பயலும் இப்படித்தான் கட்டி ஓட்டுறாக."

நான் டியூப்பை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன்.

"இப்படி வேண்டாம் பெருமாளு."

"அக்கா, ஒங்களுக்கு இருக்கிறதே ஒரு கைதான். அது வலது லீவர்ல இருக்கப் போவுது. அப்புறம் என்ன பயம்?"

"நான் மட்டுமா ஓட்டப் போறேன்? என் வீட்டுக்காரரும் ஓட்டுவாக. இவுகளுக்கு ரெண்டு கை இருக்குல்ல. சும்மா இருக்கிற கை எங்க போகும்னு எனக்குத் தெரியும்."

பெருமாள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். டியூப்பை மட்டும் மிஷின் மேலேயே போட்டுவிட்டுப் போனார். அதை நான் அப்போதே அடுப்பில் போட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு கல்யாண ஆர்டர். கமால் இரண்டு லீவரையும் பிடித்து ஓட்டியும் விறகு பாதிதான் தேறியிருந்தது. நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்வாசலில் இன்ஜின் சத்தம் கேட்டது. வெட்டி வெட்டி, மூச்சுத் திணறுகிற மாதிரி ஓடியது. வெளியே வந்தேன்.

கமால் டியூப்பைக் கட்டியிருந்தார். ஒரு கை லீவரில். இன்னொரு கை கட்டையைப் பிடித்திருந்தது. முடிச்சு விழுந்த கட்டை. தண்டு தள்ளத் தள்ள அது மேலே எழும்பிக் கோணிக்கொண்டு திரும்பியது. அது கீழே விழாமல் இருக்க அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் கத்துவதற்குள் விரல் கட்டைக்கும் ஆப்புக்கும் நடுவே போய்விட்டது.

வலியில் லீவரை விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பயந்துபோனவர் எதையாவது பிடித்துத் தொங்கத்தான் பார்ப்பார். அவர் லீவரைப் பிடித்துத் தொங்கினார். நான் ஓடிப் போய் இன்ஜின் சுவிட்சை அடித்து நிறுத்தினேன். டியூப்பை அரிவாளால் அறுத்தேன். கட்டையை உதைத்து விலக்கினேன்.

மோதிர விரலின் நகம் போனது. விரல் பிழைத்தது.

என் சேலையைக் கிழித்துக் கட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.  கட்டி முடித்ததும் அறுத்த டியூப்பை எடுத்து அடுப்பில் போட்டேன்.

"யாரு கழட்டினது?"

மறுநாள் காலையில் அன்வர் மச்சான் ஒரு லோடு வண்டியோடு வந்தார். பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டாராம்.

நான் போய் மிஷின் உத்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி நூரு. ஒரு கை போனது போதாதா இந்த வீட்டுக்கு?"

"எந்திரிக்க மாட்டேன்."

"கமாலுக்கு நேத்து வெரல் போயிருக்கும். மிஷினுக்குப் பாசம் தெரியுமா? அது கைய எடுத்துரும்."

"என் கைய மிஷினு எடுக்கலை மச்சான்" என்றேன். "மிஷின் வாயில இருந்த தகரத்தைக் கழட்டினாக. அதனால போச்சு. இந்த மிஷினும் நேத்து யாரையும் தேடி வந்து கடிக்கலை. கை வைக்க விடாம அதுல ரெண்டு லீவர் இருந்துச்சு. ஒண்ணை டியூப் போட்டுக் கட்டினாக."

 வண்டிக்காரர் பீடி பற்ற வைக்கப் போனவர், பற்ற வைக்காமல் நின்றார்.

இருபது வருஷமாக நாக்குக்கு அடியில் கிடந்த கேள்வி அது. கேட்கப் போகிறேன் என்று அன்று காலை எழுந்தபோது எனக்கே தெரியாது.

"அந்தத் தகரத்தைக் கழட்டினது யாரு மச்சான்?"

கமால் வாசற்படியில் கட்டுப்போட்ட விரலோடு நின்றார். அண்ணனைத் தடுக்கவும் இல்லை, என்னைத் தடுக்கவும் இல்லை.

அன்வர் மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முகத்தைத் துடைக்கவில்லை. கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நான்தான். அன்னைக்கு மாடு ரெண்டும் கத்திக்கிட்டே கெடந்துச்சு. வெரசா வெட்டிப் போட்டுருவோம்னு கழட்டினேன். திருப்பி மாட்டணும்னு நெனச்சேன். யாரோ கூப்பிட்டாக, போயிட்டேன். மறந்து போச்சு நூரு."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷம் அப்படிச் சொல்லியே பழகிய வாய். நான் சொல்லவில்லை. அது பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை.

"அப்ப இதையாவது ஒழுங்கா மாட்ட விடுங்க" என்றேன். "இதை வித்துட்டா என் கை திரும்பி வந்துருமா?"

அவர் மிஷினைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பச் சொன்னார். அவரும் அதிலேயே ஏறிப் போய்விட்டார். மிஷினை ஒழுங்காக மாட்டி முடிக்கும் வரை விறகு ஒரு துண்டுகூடப் பிளக்கப் போவதில்லை என்று கமாலிடம் சொன்னேன். அந்தக் கல்யாணத்துக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கங்கில் தம் போட்டோம். சாக்குச் சாக்காகச் சிரட்டை தேடி அலைந்தவர் அன்வர் மச்சான். அதை அவர் சொல்லவில்லை, கமால்தான் சொன்னார்.

அளந்துக்க

பெருமாளை மறுபடி வரவழைத்தேன். இந்தத் தடவை நான் பேசினேன், அவர் கேட்டார்.

"ரெண்டு லீவரும் இருக்கணும். ரெண்டையும் ஒரே நேரத்துல அழுத்தினாத்தான் தண்டு நகரணும். ஆனா எடது லீவரை என் கையால அழுத்துற மாதிரி வேணும்."

"எந்தக் கையால அக்கா?"

முந்தானையை விலக்கி, இடது கையை வெளியே எடுத்தேன். மிச்சமிருந்ததை மிஷின் மேல் நீட்டி வைத்தேன். கமாலுக்கும் டாக்டருக்கும் தவிர வேறு ஆண் ஒருவருக்கு அதைக் காட்டுவது அதுதான் முதல் தடவை.

"இந்தக் கையால. அளந்துக்க."

பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். நீளம் பார்த்தார், சுற்றளவு பார்த்தார், சுண்ணாம்புக் கட்டியால் உத்திரத்தின் மேல் எழுதினார். "இங்கன அழுத்தினா வலிக்குமா? இங்கன?" என்று கேட்டார். ஒரு இன்ஜின் பாகத்தை எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார். பரிதாபம் இல்லாத அந்தப் பார்வைக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இடது லீவரை ஒரு முழம் நீட்டினார். நீளம் கூடினால் அழுத்துகிற பலம் குறைவாகப் போதும். நுனியில் ஒரு இரும்புக் குழாயைப் பாதியாகப் பிளந்து வெல்டிங் வைத்தார். அதற்குள் பழைய பைக் சீட்டின் பஞ்சை வைத்து ரெக்ஸின் தைத்தார். என் கை அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கையை எடுத்தால் ஸ்பிரிங் லீவரைத் தூக்கிவிடும், தண்டு நின்றுவிடும். இன்ஜினை நிறுத்துகிற சுவிட்சையும் ஒயர் இழுத்து, என் முழங்கால் தட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தார்.

மிச்சம் இருந்தது இரண்டு. ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு. இன்ஜினின் திணறல்.

மூன்று போல்ட்

கயிறு பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் வரும். இரண்டு கை உள்ளவர்கள் ஒரு கையால் இன்ஜினை அழுத்திக்கொண்டு மறு கையால் இழுப்பார்கள். என்னால் அழுத்த முடியாது. இழுத்தால் இன்ஜின் கூடவே வரும்.

"இது கம்பெனி வச்சது அக்கா. கயிறு இப்படித்தான் வரும். அதை ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் பெருமாள்.

நான் தினமும் அந்த இன்ஜினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள். கயிறு சுருண்டிருக்கிற மூடியை மூன்று போல்ட் பிடித்திருப்பதைப் பார்த்திருந்தேன். மூன்றுக்கும் நடுவே ஒரே இடைவெளி. தேக்சா மூடியைத் திருப்பிப் போட்டால் கைப்பிடி வேறு பக்கம் வருவது மாதிரி, இதையும் ஒரு போல்ட் தள்ளித் திருப்பிப் போட்டால் என்ன?

"பெருமாளு, இந்த மூடியத் திருப்பி மாட்டினா கயிறு மேல பாத்து வராதா?"

"வராது" என்றார் உடனே. பிறகு குனிந்து பார்த்தார். விரலால் போல்ட்டுகளை எண்ணினார். பத்து பதினொன்று ஸ்பேனரை எடுத்து மூன்றையும் கழற்றி, மூடியை ஒரு போல்ட் தள்ளித் திருப்பி மாட்டினார். கயிற்றின் பிடி மேல்நோக்கிச் சாய்ந்து நின்றது.

"வருது" என்றார்.  இன்ஜினுக்கு அடியில் ஒரு மிதிபலகையை வெல்டிங் வைத்துக் கொடுத்தார். அதில் என் கால் நின்றால் என் எடையே இன்ஜினைப் பிடித்துக்கொள்ளும்.

திணறலைக் கண்டுபிடித்தது அவர்தான். முதலில் இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த யோசனையை அவரே விட்டுவிட்டார்.

"மலையில ஓடும்போது இப்படி விக்கலையே" என்று நான் சொன்னேன். பெருமாள் நிமிர்ந்தார்.

"மலையிலயா ஓடிச்சு? அதச் சொல்லலையே அக்கா."

கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வருகிற துளை உள்ள சின்னப் பித்தளைத் திருகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மலையில் காற்று மெல்லிசு, அதற்குத் தோதாகச் சின்னத் துளை போட்டிருக்கிறார்கள். கீழே இறங்கினால் காற்று கனம், அந்தப் பெட்ரோல் போதவில்லை, அதனால் இன்ஜின் பசியோடு ஓடுகிறது என்று விளக்கினார். கொஞ்சம் பெரிய துளை உள்ள திருகை மாட்டினார். புகை அடைத்துக் கிடந்த காற்று வடிகட்டியைக் கழுவிக் காயவைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்த பிறகு, பின்வாசலுக்குப் போனேன். மதிலுக்கு மேலே அதே தலைகள் வந்து சேர்ந்தன. வரட்டும் என்று விட்டேன்.

மிதிபலகையில் வலது கால் வைத்தேன். கயிற்றைப் பிடித்து, தோளால் இழுக்காமல், குனிந்த உடம்பை நிமிர்த்தினேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற மாதிரி. முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. இன்ஜின் துளியும் நகரவில்லை. நானும் நகரவில்லை.

இருப்பதிலேயே மோசமான கட்டையைத்தான் உருட்டி ஏற்றினேன். வலது கையை ஒரு லீவரில் வைத்தேன். இடது கையைப் பஞ்சுக்குள் வைத்து அழுத்தினேன். தண்டு நகர்ந்தது. இருபது வருஷமாக எந்த வேலைக்கும் கூப்பிடப்படாத கை அது. இன்ஜினின் அதிர்வு அதன் வழியாகத் தோள் வரைக்கும் ஏறியது. முடிச்சில் வந்து தண்டு ஒரு கணம் நின்றது. இன்ஜின் குரலைத் தாழ்த்தியது. நான் விடவில்லை. படாரென்று கட்டை பிளந்து இரண்டு பக்கமும் விழுந்தது. உள்ளே மரம் சிவப்பாக இருந்தது.

கை தட்டுவார்களோ என்று பயந்தேன். யாரும் தட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. நான் அடுத்த கட்டையை உருட்டினேன்.

ஆள்

இது நடந்து எத்தனையோ லோடு விறகு பிளந்தாகிவிட்டது. கமாலும் ஓட்டுகிறார், இரண்டு கையையும் லீவரில் வைத்து. பழைய டியூப் போன்ற எதையும் அந்தப் பக்கம் நான் விடுவதில்லை.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. சின்னமனூர் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில்தான் அது தெரிந்தது.

தம் உடைத்துப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தா, தென்னந்தோப்புக்காரர், சமையல் கொட்டகைக்கு வந்தார். கங்கைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கமாலு, விறகு ஒரே அளவா அழகா இருக்கே. யாரு பிளந்தது?"

நான் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். கமால் சொன்ன பதில் தெளிவாகக் கேட்டது.

"அதுக்கு ஒரு ஆளு வச்சிருக்கோம்ங்க."

அந்தப் பதில் புதிதாக யோசித்து வந்தது இல்லை. பலமுறை சொல்லித் தேய்ந்த பதில். குரலிலேயே தெரிந்தது. அப்படியானால் இத்தனை கல்யாணத்திலும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறார்.

கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன். முந்தானையை இடது கையின் மேல் இழுத்துவிடப் போனேன், பழக்கம். பிறகு இழுக்காமலே தட்டியைத் தாண்டி வெளியே வந்தேன். கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் இருந்தார்கள்.

"அந்த ஆளு நான்தாங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அத்தா என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். கமால் கரண்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"நீயாம்மா? எப்படி?"

"மிஷின்ல. எனக்குத் தகுந்த மாதிரி மாத்தி வச்சிருக்கேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தோப்புல காத்துக்கு ஒரு புளியமரம் விழுந்து கெடக்கு. கோடாலிக்காரக ரெண்டு பேரு வந்து பாத்துட்டு ஆகாதுன்னுட்டாக. நீ வந்து பிளந்து தருவியா?"

"மிஷினோட வாரேன். ஆனா நான் ஓட்டும்போது ஒரு ஆளும் கிட்ட நிக்கப்படாது. உதவி பண்ணவும் வரப்படாது."

"சரிம்மா" என்றார் அவர்.

பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு வண்டியில் திரும்பினோம். வழியெல்லாம் திராட்சைப் பந்தல்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. உத்தமபாளையம் நெருங்கும்போது கமால் சொன்னார்.

"நூரு, இனிமே கேட்டாகன்னா நானே சொல்லிருதேன். எங்க வீட்டுலதான் பிளக்கிறாகன்னு."

அவர் வருத்தப்படுகிறார் என்று தெரிந்தது. நகம் போன விரலை மற்றக் கைக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

"நீங்க சொல்ல வேணாம்" என்றேன். "கேக்குறவகளுக்கு நானே சொல்லிக்கிறேன்."